நடுவில் ஒரு வாய்

சிங்சூவில் காற்றே கொஞ்சம் புளிக்கும்,
வினிகர் வடிக்கிற ஊர்.
நவம்பரில், கணக்கெடுப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
ஆறாம் எண் கட்டடத்தின் ஐந்து மாடியும் ஏறினாள் ஹுய்ச்சின்.
லிஃப்ட் கிடையாது.
கதவு திறந்ததும் கேட்க வேண்டியது மனப்பாடம்:
வீட்டில் எத்தனை வாய் ஆள்?

வாய் என்றுதான் கேட்பார்கள் அங்கே.
‘ஜி’ என்கிற எத்தனை
ஆளோடு நேராகப் பேசாது.
நடுவே ஒரு சொல் வந்து உட்கார வேண்டும்,
புத்தகத்துக்கு ஒன்று, மீனுக்கு வேறொன்று,
குடும்பத்தில் இருப்பவர்களுக்கு வாய்.

இன்னொரு கேள்விச்சொல்லும் உண்டு, ‘துவோஷாவ்’.
நிறையவையும் கொஞ்சத்தையும் ஒட்டவைத்துச் செய்தது.
அதற்கு இடையில் யாரும் வர வேண்டியதில்லை.
பணம், வினிகர், ரயிலடிக் கூட்டம்,
எதையும் அப்படியே அள்ளிக் கேட்கும்.
விடை பத்தைத் தாண்டும் என்று தோன்றினால்
நாக்கு தானாக அதற்குத் தாவிவிடும்.
ஜி தாழ்ந்த கூரை வீடு.
பத்தில் தலை இடிக்கும்.

யென் பாவ்ஷான், ஆலையில் ஜாடி கழுவுகிறவன்,
கதவைப் பிடித்தபடியே நின்றான்.
“மூணு” என்றான்.
பிறகு “மூணுதானே?” என்று அவளையே கேட்டான்.

மனைவி தொங்குவானில் இருக்கிறாள்.
ஃபங்லான்.
இயர்ஃபோனுக்கு மூடி பொருத்துகிறாள்,
இரவு ஷிஃப்ட்.
எப்போது போனாள்?
ஏப்ரல் இருபத்தெட்டு.
ஹுய்ச்சின் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள்.
ஆறு மாதம் தாண்டினால் இங்கே சேராது.
நாலே நாள் தாண்டியிருந்தது.

“அப்போ அவளை எங்கே எழுதுவாங்க?”
“அங்கேயே. விடுதியில.”

அங்கே இதே அட்டை மாட்டிய வேறொருத்தி
வார்டனிடம் கேட்டிருப்பாள்:
இந்தத் தளத்தில் துவோஷாவ் பேர்?
நூற்றுப் பதினெட்டு என்றிருப்பார்,
சாவிக் கொத்தைப் பார்த்துக்கொண்டே.
அந்தக் கேள்வியின் நடுவில் வாய் இல்லை.
ஹுய்ச்சின் இதை அவனிடம் சொல்லவில்லை.
வேறொரு நாள், நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்க,
என்னிடம் சொன்னாள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து குழந்தை வந்தது.
ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
துவோதுவோ என்று பெயர்,
நிறைய நிறைய என்று அர்த்தம்.
அட்டை மாட்டிய ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று
நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:
“அத்தை, அம்மா வர ஜி நாள்?”

நாளுக்கு மட்டும் நடுச்சொல் வேண்டாம்,
நாளே அளவை.
கேள்வி நேராக நாளின் மேலேயே விழுந்தது.
ஜி. பத்துக்குள் ஏதோ ஒன்று.

வசந்த விழாவுக்கு இன்னும் தொண்ணூறு நாளுக்கு மேல்.
துவோஷாவ் என்று திருத்தியிருக்கலாம்.
யாரும் திருத்தவில்லை.
பிழையென்று சொல்லவும் முடியாது அதை.
குழந்தை கேட்டதையே எடுத்து
முன்னால் ஓர் இல்லையைச் சேர்த்துத்
திருப்பிக் கொடுத்தான் பாவ்ஷான்:
“மெய் ஜி தியன்.”
எத்தனை நாளும் இல்லை.
அதாவது, கொஞ்ச நாள்தான்.

நான் எழுதுகிற இந்த மொழியில்
எத்தனைக்குப் பின்னால் ஓர் ஓ போட்டால் போதும்,
எத்தனையோ!
எண்ணி மாளாது.
அங்கே அதே சொல்லிலிருந்து
கேள்வியை இறக்கி வைத்தால்
சில என்று சுருங்கிக்கொள்கிறது.
எது பொய் சொல்ல வசதி என்று எனக்குத் தெரியவில்லை.

ஹுய்ச்சின் திரையில் இரண்டு என்று தட்டினாள்.
உறுதியா என்று கேட்டது.
உறுதி.

படியில் இறங்கித் திரும்பியபோது
கதவு இன்னும் சாத்தவில்லை.
ஒரே கையில் பத்து வரை காட்டுகிற ஊர் அது.
துவோதுவோ காட்டிக்கொண்டே போனாள்.
ஆறுக்குக் கட்டைவிரலும் சுண்டுவிரலும்.
எட்டு. ஒன்பதுக்குக் கொக்கி.
பத்துக்கு முஷ்டி.
மூடிய முஷ்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு ஆள்காட்டி விரலை
மறுபடி நீட்டினாள்.